அன்னமும் அளவும்

செட்டிநாட்டு ரயில் நிலையத்தில் இறங்கிக் கானாடுகாத்தான் வீதிகளில் நடந்து செல்வோர், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளையும், அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களையும், நூற்றுக்கணக்கானோர் பந்தியில் அமர்ந்து உண்பதற்கென்றே அமைந்த விசாலமான கூடங்களையும் கண்டு வியக்காமல் இருப்பதில்லை. காசியிலும் ராமேசுவரத்திலும் சத்திரம் கட்டி யாத்திரிகர்களுக்கு அன்னமிட்ட நகரத்தார் சமூகத்தின் ஊர் இது. விருந்தினர் ‘போதும், போதும்’ என்று இலையின்மேல் கையை மறித்த பின்னும் இன்னொரு கரண்டி விழ வேண்டும் என்பது இங்கே உபசாரத்தின் இலக்கணம். பசித்து வந்தவருக்கு வயிறு நிறைய அன்னமிடுவதைக் காட்டிலும் உயர்ந்த தருமம் இல்லை என்ற நம்பிக்கை நம் மக்கள் எல்லோருடைய உள்ளத்திலும் ஊறியது. ஆயினும், பசியால் மிக நலிந்துபோன ஓர் உயிருக்கு அவ்வாறு வாரி வழங்குவது ஆபத்தாக முடியும் என்பதையும், அந்த உயிருக்கு முதல் ஆகாரத்தை மில்லிலிட்டர் கணக்கில் அளந்தே கொடுக்க வேண்டும் என்பதையும், வைத்திய விஞ்ஞானம் எண்ணற்ற மரணங்களைக் கண்ட பின்னரே கற்றுக்கொண்டது. கடுமையான ஊட்டக்குறைவால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையே அந்த உயிர். அக்குழந்தையை எவ்வாறு மீட்கிறார்கள் என்பதையும், ஏன் அவ்வாறு செய்கிறார்கள் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடுமையான ஊட்டக்குறைவு இரண்டு வடிவங்களில் தோன்றும். முதல் வடிவத்தில் குழந்தை வற்றிப்போகிறது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு முழுவதும் கரைந்து, விலா எலும்புகள் எண்ணத்தக்கவையாகி, தொடையிலும் பிட்டத்திலும் தோல் மடிந்து தொங்க, முகம் முதியவர் முகம்போல் சுருங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் ‘தேரை’ என்று சொல்லி அஞ்சியது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவது வடிவம் கண்ணை ஏமாற்றுவது. அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு, வெறுங் கஞ்சியிலேயே வளர்ந்து சவலையாகிப்போன பிள்ளைகளுக்குக் காலிலும் கையிலும் முகத்திலும் நீர் கோத்துக்கொள்கிறது. அறியாதவர்கள் ‘பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கிறது’ என்றுகூட எண்ணிவிடக்கூடும். அந்தக் குழந்தையின் இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் பெருவிரலை வைத்து மூன்று விநாடி மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள்; விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றுவிடுமானால் அது சதையன்று, வியாதி. தலைமயிர் செம்பட்டையேறி எளிதில் பிடுங்கிக்கொண்டு வருவதும், தோல் கறுத்து உரிந்து புண்ணாவதும், எதிலும் சிரத்தையற்று முனகிக்கொண்டே கிடப்பதும் இதன் மற்ற அடையாளங்கள்.

முதல் வடிவத்தைக் கண்டறிவதற்கும் எளிய கருவி ஒன்று உண்டு. இடக்கையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு நாடாவைச் சுற்றி அளந்தால், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. குறைந்தால், நாடாவிலுள்ள சிவப்புக் கட்டம் அதைக் காட்டிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்த நிறத்தைப் படித்துக்கொள்ளலாம்.

பட்டினி நீடிக்கும்போது சரீரத்துக்குள் நிகழ்வது என்ன? செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில், தொழில் நொடித்து வருவாய் குன்றிய குடும்பம் மேல்மாடியை அடைத்து, வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளைப் பூட்டி, பணியாட்களை அனுப்பிவிட்டு, முகப்பை ஒட்டிய ஓர் அறையில் ஒற்றை விளக்கோடு காலந்தள்ளுவதைப் பலர் கண்டிருப்பார்கள். உணவு கிட்டாத குழந்தையின் உடலும் அவ்வாறே தன் செலவுகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொள்கிறது. வளர்ச்சி முதலில் நிற்கிறது, விளையாட்டு நிற்கிறது, இருதயம் மெலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது, கல்லீரல் புரதங்களை ஆக்குவதையும், உண்ணாத வேளைக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்குவதையும் குறைத்துக்கொள்கிறது, சிறுநீரகம் மிகையான உப்பையும் நீரையும் வெளியேற்றும் திறனை இழக்கிறது, குடலின் உட்சுவர் தேய்ந்து, ஜீரண ரசங்கள் வற்றுகின்றன. அடைத்துக் கிடக்கும் அந்த வீட்டுக்குள் முன்னறிவிப்பின்றி ஒரு கல்யாணக் கூட்டத்தையே அனுப்பினால் அது எப்படித் தாங்காதோ, அப்படியே திடீரென்று வந்து சேரும் பெருவிருந்தை இந்தச் சரீரமும் தாங்காது.

இதில் மிகவும் நுட்பமான பகுதி உப்புகளைப் பற்றியது. நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் சோடிய அயனியை வெளியே தள்ளி, பொட்டாசிய அயனியை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதனால்தான் உயிர் வாழ்கிறது. காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு முதல் மின்வேதியியலுக்கென்று ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருவதால், அயனிகளின் இந்தப் போக்குவரத்து இப்பகுதி மாணவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஓயாது நடக்கும் இவ்வேலைக்குச் சக்தி மிகுதியாக வேண்டும். சக்தி குன்றியபோது அயனிகளை இறைக்கும் இந்தப் பம்பும் தளர்ந்துபோக, சோடியம் அணுக்களுக்குள்ளே தேங்குகிறது. பொட்டாசியம் வெளியேறி, சிறுநீரிலும் பேதியிலும் கழிந்துபோகிறது. ஆகவே ரத்தத்தைச் சோதித்தால் சோடியம் குறைவாகத் தோன்றும். உடலிலோ அது மிகுந்திருக்கும். ரத்தத்தில் குறைகிறதே என்று எண்ணி உப்பு நீரை ஏற்றினால், மெலிந்த இருதயம் அந்தப் பாரத்தைச் சுமக்க மாட்டாமல் நின்றுவிடும்.

ஆகாரத்திலும் இத்தகைய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. நெடுநாள் பட்டினிக்குப் பின் நிறைய மாவுச்சத்து உட்சென்றால், இன்சுலின் பெருகி, ரத்தத்திலிருந்த பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் அணுக்களுக்குள் ஒரேயடியாக இழுத்துச் சென்றுவிடுகிறது. இருதயத்தின் தாளமும் மூச்சுத் தசைகளின் பலமும் இவற்றையே நம்பியிருப்பவை. பசியால் சாகாமல் வந்து சேர்ந்தவர், உணவு கிடைத்த இரண்டு மூன்று நாட்களில் மாண்டுபோகும் கொடுமை இவ்வாறு நேர்கிறது.

இந்த உண்மை நம் நாட்டில் எழுதப்பட்ட வரலாறு பழையது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவுகூர்ந்த 1876–78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், சென்னையின் நிவாரண முகாம்களில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற வைத்தியர், தாம் கண்ட நோய்க்குறிகளையும் பிணப்பரிசோதனையில் அறிந்தவற்றையும் தொகுத்து, ‘சென்னைப் பஞ்சத்தின் வியாதிகள்’ என்ற பொருளில் 1889ஆம் ஆண்டு ஒரு நூலே வெளியிட்டார். கஞ்சித் தொட்டிக்கு வந்து சேர்ந்த பின்னரும் மக்கள் பேதியால் மாண்டதன் காரணத்தை ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

அடுத்த பெரும் பாடத்தில் கானாடுகாத்தானின் சரித்திரமும் கலந்திருக்கிறது. பர்மாவின் ஐராவதி நதித் தீரத்தைப் பெரும் நெற்களஞ்சியமாக்கியதில் செட்டிநாட்டார் கொடுத்த கடன் மூலதனத்துக்குப் பெரும் பங்கு உண்டு; இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் டன் அரிசி வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும், நம் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்; பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. யுத்தகால விலையேற்றமும், அந்த அக்டோபரில் வீசிய புயலும், சர்க்காரின் தவறுகளும் இதனுடன் சேர, 1943ஆம் ஆண்டில் வங்காளம் பஞ்சத்துக்கு இரையாயிற்று. அதை விசாரித்த கமிஷன், மாண்டவர் தொகை 15 லட்சம் என்று மதித்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 லட்சம் என்பர். அந்தக் கமிஷனின் அங்கத்தினருள் ஒருவர், குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட்.

கல்கத்தா ஆஸ்பத்திரிகளில் கிடந்த பஞ்ச நோயாளிகளின் வயிறு வழக்கமான உணவை ஏற்கவில்லை. நீர்த்த பாலும் சர்க்கரையும் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்த்தார்கள். செரித்த புரதச் சாற்றை நரம்பு வழியே செலுத்தவும் முயன்றார்கள். பால்மாவும் மாவும் சர்க்கரையும் கலந்த ஒரு கூழ் ‘வங்காளப் பஞ்சக் கலவை’ என்ற பெயரையே பெற்றுக் கடல் கடந்து சென்றது. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் பெல்சன் சித்திரவதை முகாமை மீட்ட பிரிட்டிஷ் சைனியம், எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்குத் தன் கைவசமிருந்த கொழுப்பு மிகுந்த ராணுவ ஆகாரத்தை இரக்கத்தோடு வழங்க, அதையுண்டே பலர் மாண்டனர். பின்னரே அக்கலவை வரவழைக்கப்பட்டது. இரக்கம் மட்டும் போதாது, அதற்கு அறிவும் துணை நிற்க வேண்டும் என்பதற்கு இதனினும் துயரமான சாட்சியம் இல்லை.

குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தைப் பற்றித் தமிழர் பெருமையோடு அறிந்திருக்க வேண்டும். 1918ஆம் ஆண்டு அவ்வூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அதே 1918ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, நூறாண்டு வாழ்ந்து 2019ஆம் ஆண்டு மறைந்த சி. கோபாலன் குன்னூரில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, வீக்கங்காணும் குழந்தை நோயைப் பற்றி உலகம் முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் மக்காச்சோளக் கஞ்சியுண்ட குழந்தைகளிடம் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் 1933ஆம் ஆண்டில் விவரித்த அந்நோய்க்குப் புரதக் குறைவே காரணம், பால்மாவே மருந்து என்று அறிஞர் பலர் முடிவு கட்டியிருந்தனர். பாலுக்கு வழியற்ற ஏழை நாட்டுக்கு அது எட்டாக்கனியன்றோ? கோபாலனும் அவருடைய சகாக்களான வெங்கடாசலம், ஸ்ரீகண்டையா முதலியோரும், கடலைப்பருப்பு போன்ற தாவரப் புரதங்களைக் கொண்டே அக்குழந்தைகளைத் தேற்ற முடியும் என்று 1950களில் காட்டினார்கள். வற்றிய குழந்தையும் வீங்கிய குழந்தையும் வீட்டில் உண்டது ஒரே வகை உணவுதான் என்பதையும், இரண்டுக்கும் பொதுவான மூலக் குறை மொத்த ஆகாரத்தின் போதாமையே என்பதையும் கோபாலன் பிற்பாடு எடுத்துரைத்தார்.

கண்டுபிடிப்புகள் இவ்வாறு பெருகியும், ஆஸ்பத்திரிகளில் மரணம் குறையவில்லை. 1950கள் முதல் 1990கள் வரை பல நாடுகளில் வெளியான அறிக்கைகளை ஒப்பிட்டு 1996ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஆய்வொன்று, சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் அப்போதும் இறந்துகொண்டே இருந்தனர் என்று தெரிவித்தது. மருந்து இல்லாமையைவிட முறை தவறியமையே அதன் காரணம். ஜமெய்க்காத் தீவில் ஜான் வாட்டர்லோ 1950களில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலும் பிற இடங்களிலும் திரண்ட அனுபவத்தைக் கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு பத்துப் படிகள் கொண்ட சிகிச்சைக் கிரமத்தை வகுத்தது. இத்தகைய கிரமத்தை ஒழுங்காகக் கைக்கொண்ட டாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் மரணம் நூற்றுக்கு 17 என்பதிலிருந்து 9 ஆகக் குறைந்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2011ஆம் ஆண்டில் அதே அடிப்படையில் நெறிமுறைகளை வெளியிட்டது. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் என்று அரசு ஆஸ்பத்திரிகளை ஒட்டி அமைந்திருப்பவை அவற்றின்படியே நடப்பன.

எல்லாக் குழந்தைகளையும் படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை. பசி எடுத்து உண்ணுகிற, காய்ச்சலும் பேதியும் வீக்கமும் இல்லாத குழந்தையை வீட்டிலிருந்தபடியே தேற்றலாம். உணவை மறுக்கிற குழந்தை, நீர் கோத்த குழந்தை, மூச்சிரைக்கிற குழந்தை, சோர்ந்து துவண்ட குழந்தை இவர்களுக்கே ஆஸ்பத்திரி அவசியம்.

சேர்த்தவுடன் கவனிக்கப்படுவன இரண்டு: சர்க்கரையும் சூடும். கல்லீரலில் சேமிப்பே இல்லாத குழந்தைக்குச் சில மணி நேரம் உணவு தவறினாலும் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அது டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால், விழுங்கக்கூடிய குழந்தைக்குப் பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசல் 50 மில்லிலிட்டர் உடனே புகட்டப்படுகிறது. அக்குளில் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தால், தலைக்குக் குல்லாய் அணிவித்து, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, போர்வையால் மூடுகிறார்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரமே இக்குழந்தைகளுக்குக் கண்டம். ஆகவே இரவு நேரத்து நர்ஸின் விழிப்பு இங்கே எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

காய்ச்சல் இல்லை என்பதால் கிருமித் தொற்று இல்லை என்று முடிவு செய்யலாகாது. காய்ச்சலை எழுப்புவதற்கும் சக்தி வேண்டும். அந்தச் சக்தியும் இக்குழந்தையிடம் இல்லை. ஆதலால் அடையாளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், படுக்கையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்து முதல் நாளே தொடங்கப்படுகிறது. பேதியால் நீர் வற்றியிருந்தால், வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசலை அப்படியே கொடுக்காமல், சோடியம் குறைந்து பொட்டாசியம் மிகுந்த கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுகிறார்கள். நரம்பில் நீர் ஏற்றுவது, அதிர்ச்சி நிலையில் உயிர் ஊசலாடும்போது மட்டுமே. வீக்கத்தைக் கண்டு நீர் பிரியும் மருந்தைக் கொடுப்பது பெரும் பிழை; பொட்டாசியமும் மக்னீசியமும் ஆகாரமும் கிடைத்தால் வீக்கம் தானே வடியும். இரும்புச்சத்து மருந்தும் அவ்வாறே: குழந்தை வெளுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், இரும்பைப் பற்றிச் சுமக்கும் புரதம் குறைந்துள்ள அந்நாட்களில் அது கிருமிகளுக்கே உதவக்கூடும் என்பதால், எடை ஏறத் தொடங்கும் வரை அதை நிறுத்தி வைக்கிறார்கள்.

இனி ஆகாரம். முதற்கட்டத்தில் கொடுப்பது, 100 மில்லிலிட்டரில் 75 கலோரியும் ஏறக்குறைய ஒரு கிராம் புரதமும் உள்ள நீர்த்த பால். சுமார் 300 மில்லிலிட்டர் பசும்பாலுடன் சர்க்கரையும், சிறிது எண்ணெயும், அரிசிப் பொரியைப் பொடித்த மாவும் சேர்த்து, கொதித்து ஆறிய நீரால் ஒரு லிட்டராக்கி நம் ஆஸ்பத்திரிகளிலேயே இதைத் தயாரிக்க முடியும்; அதனுடன் தாது உப்புகளும் வைட்டமின்களும் சேர்கின்றன. வீக்கம் மிகுதியாக இல்லாத குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 130 மில்லிலிட்டர் என்பது பிரமாணம். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொண்டால் நாளுக்கு 650 மில்லிலிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு வேளைக்குப் பகிர்ந்தால் ஒரு வேளைக்குச் சுமார் 55 மில்லிலிட்டர். சாப்பாட்டு வேளைகளில் மட்டுமன்று, இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் இதே அளவு. புட்டியும் ரப்பர்க் காம்பும் கிருமிகளின் உறைவிடமாதலால் அவை கூடா. கிண்ணமும் கரண்டியுமே உகந்தவை, நம் வீடுகளில் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும் பாத்திரமும் ஆகும். தாயின் மடியில் தலையைச் சற்று உயர்த்திக் கிடத்தி, கடைவாயில் சிறிதளவு விட்டு, விழுங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் விட்டு, மிஞ்சியதையும் வாந்தியெடுத்ததையும் கணக்கில் குறித்து வைப்பார்கள். குடிக்க மறுக்கும் குழந்தைக்கு மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி மீதியைப் புகட்டுவார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது எப்போதும் தொடரும்.

இந்தச் சொற்ப அளவைப் பார்த்துத் தாய்மார் மனம் கலங்குவது இயல்பே. ‘எம்புள்ளைக்கு இம்புட்டுத்தானா?’ என்று கேட்கும் தாய்க்கும், வெளியிலிருந்து இட்டிலிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடிவரும் பாட்டிக்கும், இந்த நிதானத்தின் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுவது சிகிச்சையின் ஓர் அங்கமாகும். அதைச் சொல்லாமல் விட்டால், தம் குழந்தையைப் பட்டினி போடுகிறார்கள் என்று எண்ணி அவர்கள் இரவோடிரவாக வீடு திரும்பிவிடுவார்கள்.

சில நாட்களில் குழந்தைக்குப் பசி திரும்புகிறது. வீக்கம் வடியத் தொடங்குகிறது. பூட்டிக் கிடந்த அவயவங்கள் விழித்துக்கொண்டன என்பதற்குப் பசியே முதல் சாட்சி. அப்போது 100 மில்லிலிட்டரில் 100 கலோரியும் ஏறக்குறைய 3 கிராம் புரதமும் உள்ள கெட்டிப் பாலுக்கு மாற்றுகிறார்கள். அதையும் அவசரமாகச் செய்வதில்லை: முதல் இரண்டு நாட்களுக்குப் பழைய அளவிலேயே புதிய பால், பிறகு வேளைக்குப் பத்து மில்லிலிட்டராகக் கூட்டுதல். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 25உம் மூச்சு 5உம் சேர்ந்தாற்போல் உயர்ந்து அப்படியே நீடித்தால் இருதயம் திணறுகிறது என்று உணர்ந்து அளவைக் குறைப்பார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டிய குழந்தைக்கு வயிறாரக் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 220 கலோரி வரை உண்டு, நாளொன்றுக்குக் கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் எடை கூடுமானால், அது மிகச் சிறந்த முன்னேற்றம். ஐந்து கிலோக் குழந்தைக்கு அது நாளுக்கு 50 கிராம். தராசின் முள் அசைவதைத் தாய் தன் கண்ணாலேயே காணலாம்.

உடல் தேறினால் போதாது. மூளையும் தேற வேண்டும். ஜமெய்க்காவில் சாலி கிராந்தம்-மக்கிரெகர் என்ற அம்மையாரின் குழுவினர், ஆஸ்பத்திரியில் சேர்ந்த இத்தகைய குழந்தைகளோடு நாள்தோறும் விளையாடியும், பின்னர் மூன்றாண்டுகள் வீடு தேடிச் சென்று தாய்மாருக்கு விளையாடக் கற்பித்தும் வர, உணவும் மருந்தும் மட்டும் பெற்ற குழந்தைகளைக் காட்டிலும் அவர்களுடைய அறிவு வளர்ச்சி சிறந்திருந்ததைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்டறிந்தனர். ஆகவேதான் தினமும் சிறிது நேரம் கிரமமாக விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று சிகிச்சை நெறியே கூறுகிறது. அதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. மரப்பாச்சியும், கிலுகிலுப்பையும், செட்டிநாட்டுப் பெண்கள் பனையோலையில் வண்ணம் சேர்த்துப் பின்னும் கொட்டானில் ஒன்றொன்றாகப் போட்டு எடுக்கப் வாய்க்குள் நுழையாத அளவுக்குப் பெரிதான சில மரக்கட்டைகளும் இருந்தால் போதும். முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஒருநாள் கொட்டானைத் தானே கவிழ்த்துவிட்டுச் சிரிக்கும்போது, வைத்தியர் தம் குறிப்பேட்டில் எழுதும் எந்த எண்ணுக்கும் குறையாத நற்செய்தி அது.

சில வாரங்களில் குழந்தை வீடு திரும்புகிறது. உண்மையான பரீட்சை அங்கே தொடங்குகிறது. நோயை உண்டாக்கிய வறுமையும், வேலைக்குப் போனாலன்றி உலை ஏறாத தாயின் நிலையும், அசுத்தமான நீரும் அந்த வீட்டில் அப்படியே காத்திருந்தால், சிகிச்சையின் பயன் சில மாதங்களில் கரைந்துபோகும். இந்த உண்மையை நம் மாநிலம் முன்னதாகவே உணர்ந்தது. 1980ஆம் ஆண்டு, இங்கிருந்து மேற்கே மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பின்னர், அப்போது கானாடுகாத்தானும் சேர்ந்திருந்த ராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு ஜில்லாக்களுக்கு விரிந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை அந்தந்தக் கிராமத்துப் பெண் ஊழியர் மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறத் தவறிய குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் துணை உணவு கொடுத்து, தாய்க்கும் கற்பித்தார். படுக்கையில் விழும் முன்பே தடுத்துவிடும் வழி அது. கடுமையான ஊட்டக்குறைவு அத்திட்டம் நடந்த இடங்களில் கணிசமாகக் குறைந்தது. இன்றைய அங்கன்வாடிகளும், 2022ஆம் ஆண்டு மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் அந்த மரபைத் தொடர்பவை. எனினும் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் உயரத்துக்கு ஏற்ற எடையின்றி மிகக் கடுமையாக மெலிந்திருப்பதைக் காட்டுகிறது.

வீட்டில் கொடுக்கும் உணவுக்கு நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. டாக்கா நகரத்துச் சேரிக் குழந்தைகளுக்காக, குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களைத் தழைக்கச் செய்யும் உணவு ஒன்றை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வகுத்து, அதன் முடிவுகளை 2021ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கலோரி குறைவாயிருந்தும் வழக்கமான துணை உணவைவிடச் சிறந்த பலன் தந்த அதன் முக்கியப் பொருள்கள் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழை. குன்னூரில் கோபாலன் குழுவினர் கையிலெடுத்த கடலை அதிலும் முன்னிற்கிறது. வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் அரைத்த மாவில் வெல்லமும் நெய்யும் கூட்டிக் கிண்டும் நம் கும்மாயமும், சிறிய வயிற்றில் மிகுந்த சக்தியைச் சேர்க்கும் வகையைச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த குழந்தைக்கு, தாய்ப்பாலோடும் முட்டையோடும் குழைந்த பருப்புச் சோற்றோடும் சேர்த்து, நாளுக்கு ஐந்தாறு வேளையாகச் சிறுகச் சிறுக ஊட்டுவதற்கு ஏற்றது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் அவ்வாறே பயன்படுத்தலாம்.

அன்னதானத்துக்குப் பெயர் பெற்ற செட்டிநாட்டார், கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் இலைகளை நிரப்புவதோடு நில்லாமல், தங்கள் ஊரில் வாடிக் கிடக்கும் ஒரு குழந்தையின் தாய் ஆஸ்பத்திரியில் சில வாரம் தங்குவதால் இழக்கும் கூலியை ஈடுசெய்யவும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் முன்வருவார்களாயின், அதுவே இக்காலத்துக்கேற்ற அன்னதானமாகும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் எடையை மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் நிறுத்துப் பாருங்கள். கைச்சுற்றை அளக்கச் சொல்லுங்கள். பாதத்தில் விரல் பதிந்த குழி மறையாவிட்டால் கை வைத்தியத்தில் ஒரு நாளையும் வீணாக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே அளந்து ஊட்டும் சிறு கிண்ணத்தை நம்பி, குழந்தை தேறும் வரை உடனிருங்கள்.